முழங்கால் வலி என்று வந்தவர்: ஓர் இடுப்பு மூட்டு மாற்று நிகழ்வு ஆய்வு

அவர் என்னிடம் வந்தது வலது முழங்கால் வலிக்காக. வயது 72, ஓய்வு பெற்ற ஆசிரியை. கையில் ஒரு தடித்த ஃபைல். அதற்குள் முழங்கால் எக்ஸ்ரே மூன்று, ஸ்கேன் ஒன்று, ஒன்றரை வருடத்து மருந்துச் சீட்டுகள். முழங்காலில் இரண்டு முறை ஊசியும் போட்டாகிவிட்டது. "எல்லாரும் தேய்மானம்னுதான் சொல்றாங்க தம்பி. ஆனா எதைக் குடுத்தாலும் கேக்க மாட்டேங்குது" என்றார்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது. அந்த வயதில் பலருக்கும் இருக்கும் அளவுதான். அவர் படும் பாட்டுக்கு அது போதாது என்று எனக்குத் தோன்றியது. அறைக்குள் நடந்து வந்த விதமும் முழங்கால்காரர் நடையாக இல்லை. வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு வலப்பக்கமே சாய்ந்தது, படகு ஆடுவதுபோல.

கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளினேன். அப்படித் தள்ளும்போது இடுப்பு மூட்டு உள்நோக்கிச் சுழலும். மூட்டு தேயும்போது பெரும்பாலும் முதலில் போவது இந்த அசைவுதான். இடது பக்கம் 30 டிகிரி தாராளமாகப் போனது. வலது பக்கம் 5 டிகிரிகூடப் போகவில்லை. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். "முழங்கால்லதான்" என்று வாய் சொன்னது. இன்னொரு கை தொடை இடுக்கை அமுக்கிக்கொண்டிருந்தது.

"கால் நகத்தை யார் வெட்டுறாங்கம்மா?"

அவர் பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தார். எண்பதை நெருங்கும் மனிதர், கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். எட்டு மாதமாக அவர்தான் வெட்டிவிடுகிறாராம். குனிந்து பாதத்தைத் தொட முடியாமல் போவது, செருப்பு வார் மாட்டத் திணறுவது, காரில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைப்பது எல்லாம் இடுப்பு மூட்டின் புகார்கள். இவற்றை யாரும் மருத்துவரிடம் நோயாகச் சொல்வதில்லை. வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. வலது பக்கம் தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்துக்கும் அது உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது அபூர்வமில்லை. ஆப்டுரேட்டர் என்ற நரம்பின் கிளைகள் இரண்டு மூட்டுகளுக்கும் போகின்றன. வலி எங்கே பிறந்தது என்பதில் மூளை தடுமாறிவிடுகிறது. சில பேருக்குத் தொடை இடுக்கில் வலியே இல்லாமல் முழங்காலில் மட்டும் வலிக்கும். ஒன்றரை வருடம் தவறான மூட்டுக்கு வைத்தியம் நடந்த கதை இதுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த நிகழ்வை எழுதக் காரணம் ஆபரேஷன் அதிசயமாக நடந்தது என்பதற்காக இல்லை. அது வழக்கம்போலவே நடந்தது. புது மூட்டு ஒரு நாளும் எங்களுக்குத் தொல்லை தரவில்லை. தொல்லை தந்தவை எல்லாம் மூட்டைச் சுற்றியிருந்தவை: ஒரு காது மெஷின், ஒரு தூக்க மாத்திரை, ஒரு சோபா. அவற்றில் இரண்டு என் கண்ணிலிருந்தே தப்பியவை. யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முடிவு எடுத்த விதம்

எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் மூட்டை மாற்றலாம் என்றார். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: எத்தனை வருஷம் தாங்கும்?

நியாயமான கேள்வி. இந்த அறுவை சிகிச்சையின் இன்றைய வடிவம் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லியிடமிருந்து வந்தது. அவர் முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் போட்டுப் பார்த்தார். சில வருடங்களிலேயே அது தேய்ந்து போனது. 1962இல் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீனுக்கு மாறினார். அப்புறம்தான் இந்தச் சிகிச்சை நிலைத்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இதை 'நூற்றாண்டின் அறுவை சிகிச்சை' என்றே அழைத்தது. ஆயுளைப் பற்றி, அதே இதழில் 2019இல் வந்த ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 25 வருடக் கணக்கைத் தந்தது: சுமார் 58 சதவீத மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன. 15 வருடத்துக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 89 சதவீதம். இவை பல வருடங்களுக்கு முன்பு பொருத்திய மூட்டுகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"அப்போ எனக்கு முன்னாடி அது போகாது" என்று சிரித்தார். முடிவு அந்தச் சிரிப்பில் ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவரைச் சம்மதிக்கவைத்தது புள்ளிவிவரம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரி திரும்பிப் படுக்கும்போது வலியில் விழித்துக்கொள்கிறார், கூடவே கணவரும் விழித்துக்கொள்கிறார். அந்தத் தூக்கத்துக்காகத்தான் சரி என்றாராம். என் அனுபவத்தில் எக்ஸ்ரேயைவிட இதுதான் நல்ல அளவுகோல்: தூக்கம் கெடுகிறதா, நடக்கும் தூரம் மாதாமாதம் குறைகிறதா, மாத்திரையும் பயிற்சியும் எடுபடாமல் போய்விட்டனவா.

ஒன்பது வாரம்

தேதி உடனே கிடைக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 8.6 சதவீதம், ஹீமோகுளோபின் 10.2. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் உலோகத்தை உள்ளே வைத்தால் கிருமித் தொற்று அபாயம் கூடும். ரத்தம் குறைவாக இருந்தால் பிறகு எழுந்து நிற்கவே தலை சுற்றும். மகனுக்குக் கோபம். "சின்னச் சின்னக் காரணம் சொல்லித் தள்ளிப்போடறாங்க" என்றார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம், பயிற்சிக்கு ஒன்பது வாரம் கிடைத்துவிட்டதே.

மருத்துவப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தார்கள். சர்க்கரை மருந்தை மாற்றியமைத்தார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை ஒன்றை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். ஆடிக்கொண்டிருந்த ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். பல்லில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டைத் தேடிப் போகலாம். கால் விரலிடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணையும் ஆற்றினார்கள். இடுப்பு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி எப்போதாவது போட்டீர்களா என்று நிபுணர் இரண்டு தரம் கேட்டார். போட்டிருந்தால் மூன்று மாதமாவது தள்ளிப்போட்டிருப்பார். இவருக்குப் போட்டதெல்லாம் முழங்காலில்தான், அதுவும் பழசு.

இனி என் பக்கம். முதல் நாள் ஒரு சோதனை வைத்தேன். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. இவரால் கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை. விதிப்படி மதிப்பெண் பூஜ்யம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 22 வினாடி ஆனது. 12 வினாடியைத் தாண்டினாலே விழும் அபாயம் உண்டு என்று கொள்வோம்.

வலிக்கிற மூட்டை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி என்று கேட்பார்கள். மூட்டைச் சரிசெய்ய அந்தப் பயிற்சி இல்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் உடம்பைத் தூக்கப்போகும் தசைகளுக்காக. படுத்தபடி முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடைத் தசையை இறுக்குவது, முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் விரிப்பது. இவற்றோடு கைகளுக்கும் ஒன்று: நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி உடம்பை மேலே தூக்குவது. முதல் இரண்டு வாரம் கால் செய்ய வேண்டிய வேலையில் பாதியை வாக்கர் வழியாகக் கைகள்தான் செய்யும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. நாற்காலியில் எழும் பயிற்சியை முதலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி ஆரம்பித்தோம். வாரம் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒன்பதாவது வாரம் மதிப்பெண் 6. சர்க்கரை 7.4, ஹீமோகுளோபின் 12.1.

தசையைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒத்திகையை. ஆபரேஷனுக்குப் பிறகு எப்படிக் கட்டிலிலிருந்து இறங்குவது, எப்படி வலது காலை முன்னே நீட்டிக்கொண்டு உட்காருவது, படியில் எந்தக் கால் முதலில் என்பதையெல்லாம் வலி மாத்திரை மயக்கத்தில் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. முன்கூட்டியே உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். படிக்கு அவரே ஒரு வாய்பாடு வைத்துக்கொண்டார்: "ஏற நல்லது, இறங்கக் கெட்டது." ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஆசிரியை அல்லவா, மகனையும் மருமகளையும் ஒப்பிக்கச் சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அவருக்கு 42 செ.மீ. உட்காரும் இடம் அதைவிட உயரமாக இருந்தால்தான் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்காது. கூடத்து சோபா 38 செ.மீ., அதுவும் ஆள் உட்காராதபோது. அவர் உட்கார்ந்ததும் 31க்கு அமுங்கியது. கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலி 43 இருந்தது. அதில் கெட்டியான மெத்தை ஒன்று போட்டு 48 ஆக்கினோம். கட்டில் சரியாக இருந்தது. கழிப்பறை இருக்கைக்கு மேலே வைக்கும் உயரக் கூட்டி ஒன்று வாங்கச் சொன்னேன். மிதியடிகளைச் சுருட்டியாயிற்று, மேசை விளக்கின் வயரைச் சுவரோரம் ஒட்டியாயிற்று.

கடைசியாக வாக்கரைக் குளியலறைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கதவு 60 செ.மீ., வாக்கர் 63. உள்ளே போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் ராத்திரி, அவசரமாகச் சிறுநீர் வரும்போது இதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி வைக்கலாம் என்றேன். அம்மா முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் வேண்டாம் தம்பி. படுக்கற இடத்துல அது வேண்டாம்." வற்புறுத்தவில்லை. வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பி நண்டுபோல அடியெடுத்து வைத்து நுழையும் வித்தையைப் பழகினோம். கதவுக்கு உள்ளே கைப்பிடிக் கம்பி ஒன்றைச் சுவரில் பதித்தார்கள். பத்துத் தடவை நுழைந்து வெளியே வந்ததும், "இப்போ ராத்திரி கண்ணை மூடிட்டே போவேன்" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

எல்லாம் பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன்.

ஆபரேஷன்

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முழு மயக்கம் தரவில்லை. மூட்டின் பின்பக்கமாகத் திறந்து, தேய்ந்த பந்தை வெட்டியெடுத்து, எலும்புச் சிமென்ட் இல்லாத கிண்ணமும், தொடை எலும்புக்குள் இறங்கும் சிமென்ட் போட்ட தண்டும் பொருத்தினார்கள். அன்று மாலையே எழுப்பி நிறுத்தினோம். நின்ற அரை நிமிடத்தில் முகம் வெளுத்து வியர்த்தது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. உட்காரவைத்துவிட்டோம். மறுநாள் காலை வாக்கரோடு பத்து அடி, மாலையில் வராந்தா முனை வரை. புது மூட்டில் முழு எடையையும் போடலாம் என்று நிபுணர் சொல்லிவிட்டார். பெரும்பாலானோருக்கு அப்படித்தான். எலும்பு ஒட்டும் வரை படுத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. படுத்திருப்பதுதான் ஆபத்து: காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், இருக்கிற தசையும் கரையும்.

இரண்டாம் ராத்திரி

இரவு இரண்டு மணிக்கு மகன் போன் செய்தார். அம்மா யாரையும் அடையாளம் தெரியாததுபோலப் பேசுகிறார், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்கிறார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார், கையில் ஏறும் ஊசியைப் பிடுங்கிவிட்டார். "மயக்க மருந்து மூளைக்கு ஏறிடுச்சா சார்?"

முழு மயக்கமே தரவில்லை என்பதை அப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. காலையில் போய்ப் பார்த்தபோது சற்றுத் தெளிந்திருந்தார். ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. வயதானவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில நாட்களில் வரும் இந்தத் திடீர்க் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். இது பைத்தியமும் இல்லை, மறதி நோயும் இல்லை. பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் உடம்பு எதையோ சொல்லப் பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டு, காரணத்தைத் தேட வேண்டும். கத்தி ஆர்ப்பாட்டம் செய்பவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாகச் சுருண்டு படுத்திருப்பவருக்கும் இதே குழப்பம் வரலாம்; 'நல்லாத் தூங்கறாங்க' என்று விட்டுவிடுவார்கள்.

தேடினோம். வயிற்றின் அடிப்பக்கம் கல்போல இருந்தது. சிறுநீர்க் குழாயை முந்தைய நாள் காலையில் எடுத்திருந்தார்கள். அதன்பின் சொட்டுச் சொட்டாகப் போனதை 'போகிறது' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் பார்த்தால் உள்ளே 700 மில்லி தேங்கியிருந்தது. வெளியேற்றியதும் பாதி அமைதி வந்துவிட்டது.

அடுத்தது காது மெஷின். எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறதாம். "ஆஸ்பத்திரியில காணாம போயிடும்னு நான்தான் எடுத்து வச்சேன்" என்றார் மருமகள். கண்ணாடியும் அதோடு இருந்தது. காது கேட்காமல், எதிரே நிற்பவரின் முகமும் தெளியாமல், ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு நாள். யாருக்கும் குழம்பும். ஒரு மணி நேரத்தில் இரண்டும் வந்து சேர்ந்தன.

மூன்றாவதைக் கணவர்தான் சொன்னார், அதுவும் தயங்கித் தயங்கி. "அவ ராத்திரி ஒரு சின்ன மாத்திரை போடுவா. தூக்கத்துக்கு. பத்துப் பன்னண்டு வருஷமா." எந்தப் பட்டியலிலும் அது இல்லை. நான் மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தேன். எப்படிக் கேட்டேன் என்பதுதான் விஷயம். 'சர்க்கரைக்கு என்ன, பிரஷருக்கு என்ன, வேறு எந்த வியாதிக்காவது மாத்திரை உண்டா' என்று கேட்டேன். தூக்கம் வராததை அவர் வியாதியாக நினைக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பென்சோடயசிபைன் வகை மாத்திரை. வருடக்கணக்காகப் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், குழப்பம் எல்லாம் வரும். ஆபரேஷனுக்கு முந்தைய இரவிலிருந்தே அது நின்றுபோயிருந்தது. மருத்துவர்கள் அதைத் திரும்பக் கொடுத்து, பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் மருந்துகளைப் பற்றிக் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுவரச் சொல்கிறேன். தலையணைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து.

ஐந்தாம் நாள் தெளிந்த மனதோடு வீட்டுக்குப் போனார். அந்த ராத்திரியைப் பற்றி அவருக்கு எதுவும் நினைவில்லை. கணவருக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது.

வீட்டில்

முதல் வாரம் வலியைவிட மலச்சிக்கல்தான் பெரிய பிரச்சினை. டிரமடால் போன்ற வலி மாத்திரை குடலை மந்தமாக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. மலமிளக்கியை வலி மாத்திரையோடு சேர்த்தே ஆரம்பித்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து ஆரம்பித்தோம், நான்கு நாள் அவதிப்பட்டார். வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றார். வேண்டாம், பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர்கள் நடப்பதில்லை, நடக்காதவர்கள் தேறுவதில்லை.

இரண்டாவது வாரம் வலது கெண்டைக்கால் வீங்கியது. ஆபரேஷன் செய்த கால் வாரக்கணக்கில் வீங்கித்தான் இருக்கும், ரத்தக்கட்டு நீலம் பாரித்து முழங்கால் வரை இறங்கும், அது சகஜம். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடிய வீக்கம், கெண்டைக்காலில் அமுக்கினால் வலி என்றால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பார்த்தோம், இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஐந்து வாரம் விடாமல் போட்டார். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எனக்கு போன் செய்யாதீர்கள், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள் என்று குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருந்தேன். காயத்திலிருந்து நீர் கசிந்தாலும் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் அறுவை செய்தவரிடம் காட்ட வேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி.

"தம்பி, ஒரு கால் நீளமாயிடுச்சு. தப்பா வச்சுட்டாங்க." இது மூன்றாவது வாரப் புகார். அளந்தால் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வருடக்கணக்கில் குருத்தெலும்பு தேய்ந்து வலது கால் குட்டையாகி, இடுப்பும் அதற்கேற்பச் சாய்ந்து பழகிவிட்டிருந்தது. மூட்டு பழைய உயரத்துக்கு வந்துவிட்டது, தசைகளுக்கு இன்னும் தெரியவில்லை. செருப்பில் தக்கை வைத்துத் தாருங்கள் என்று மகன் கேட்டார். மூன்று மாதம் போகட்டும் என்றேன். அவசரப்பட்டுத் தக்கை வைத்தால் அந்தச் சாய்வு அப்படியே நிலைத்துவிடும். பத்தாவது வாரத்துக்கு மேல் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான்காவது வாரம் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறினார். தடியை வலது கையில் பிடித்தார். எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள், வலிக்கிற பக்கத்துக்குத்தானே முட்டுக்கொடுக்க வேண்டும் என்று. பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். வலது காலில் நிற்கும்போது உடம்பு இடப்பக்கம் சரியாமல் வலது பிட்டத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவையும் உடல் எடையும் சேர்ந்துதான் மூட்டின் மேல் விழுகின்றன. அதனால் ஒற்றைக்காலில் நிற்கும்போது மூட்டு தாங்கும் பாரம் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு. இடது கையில் தடி இருந்தால் அது இடப்பக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது, தசைக்கு வேலை குறைகிறது. இதைத் தராசு படம் போட்டு விளக்கினேன். "புரிஞ்சுது, கணக்கு வாத்தியார்" என்றார்.

சோபா

அதே வாரத்தில் நடந்தது. உறவினர்கள் ஆறு பேர் பார்க்க வந்திருக்கிறார்கள். அவருடைய உயர நாற்காலியில் வயதில் மூத்த ஒருவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? அம்மா சோபாவில் உட்கார்ந்தார். பேச்சு சுவாரசியத்தில் கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது இடுப்பில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

பின்பக்கமாகத் திறந்து வைத்த மூட்டுக்கு ஆகாத அசைவுகள் மூன்று: 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை மறு காலுக்குக் குறுக்கே கொண்டுபோவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. மூன்றும் சேர்ந்தால் பந்து பின்பக்கமாக நழுவும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எதிர்ப்பக்கம் குனிந்து எடுக்கும்போது மூன்றுமே சேர்ந்துவிடுகின்றன. இப்படி நழுவுவது நூற்றில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு நடக்கிறது. பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள். இவருடைய நிபுணர் ஆறு வாரத்துக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார். சிலர் பன்னிரண்டு வாரம் என்பார்கள். முன்பக்கமாகத் திறப்பவர்களுக்கு விதிகளே வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதியை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

போனில் மூன்று கேள்வி கேட்டேன். கால் குட்டையாகத் தெரிகிறதா? பாதம் உள்ளே திரும்பியிருக்கிறதா? ஊன்றி நிற்க முடிகிறதா? குட்டையாக இல்லை, திரும்பவில்லை, ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். என்றாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். மூட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. அந்தச் சத்தம் ஏதோ தசைநார் எலும்பின் மேல் வழுக்கியதாக இருக்கலாம். ஆனால் அவர் பயந்துவிட்டார். அடுத்த பத்து நாள் குளியலறையைத் தாண்டி எங்கும் நடக்கவில்லை, அதுவரை வந்த முன்னேற்றத்தில் பாதி போயிற்று.

இதில் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. டேப் வைத்து அளந்தேன், சரியான நாற்காலியைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் ஒன்றே ஒன்று. வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள் என்பதை அளக்கவில்லை. மறுநாள் இன்னொரு உயர நாற்காலி வந்தது. சோபாவைத் தூக்கிப்போட மனம் வராமல், அதன் மேல் மடிக்காத துணிகளைக் குவித்து வைத்துவிட்டார்கள். யாரும் உட்கார முடியாத ஏற்பாடு, செலவும் இல்லை. கீழே விழுந்ததை எடுக்க நீளமான இடுக்கி ஒன்று வாங்கினார்கள். கணவர் அதைப் பேப்பர் எடுக்கவும் பயன்படுத்துகிறார்.

பிறகு

பன்னிரண்டாவது வாரம் நாற்காலிச் சோதனையில் 10, நடைச் சோதனையில் 12 வினாடி. வீட்டுக்குள் தடியில்லாமல் நடந்தார், வெளியே தடியோடு. சாய்ந்தாடும் நடை முழுக்கப் போக ஏழெட்டு மாதம் ஆனது. வலி ஆறு வாரத்திலேயே போய்விடுவதால் எல்லாம் முடிந்தது என்று பலர் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிட்டத் தசைக்கு ஒரு வருடம் கொடுக்க வேண்டும். இவர் கொடுத்தார். தரையில் உட்காருவதைப் பற்றி இரண்டு முறை கேட்டார். நிபுணர் தவிர்க்கச் சொன்னார், அவரும் விட்டுவிட்டார்.

ஒரு வருடத்தில் நாற்காலிச் சோதனை 13. அந்த முழங்கால் வலி ஆபரேஷன் நாளோடு போனது, திரும்பி வரவில்லை. தடித்த ஃபைலை இன்னும் வைத்திருக்கிறார். இடது இடுப்பின் எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம் தெரிகிறது. வலி இல்லாததால் எதுவும் செய்யவில்லை, வருடம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறோம்.

கடைசியாக வந்தபோது கால் நகத்தைப் பற்றிக் கேட்டேன். காலை வெளிப்பக்கம் மடித்துவைத்துத் தானே வெட்டிக்கொள்ள முடிகிறதாம், செய்துகாட்டினார். "ஆனா அவர் விட மாட்டேங்கறார்" என்றார். கணவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.